ஸ்டீல் அண்டாவுக்கு முன்னால் ஒரு பழைய ஃப்ரிட்ஜ்

இங்கிலாந்தின் கவன்ட்ரியிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். வயது 36, சொந்த ஊர் திருப்பூர் பக்கம். மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். மூன்று வருடமாக வீட்டிலேயே பீர் செய்கிறார். கடையில் கிடைக்கும் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) பாகு டின்னை வாங்கி, சர்க்கரை சேர்த்து, 23 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் புளிக்க விடுகிறார். மாதம் ஒரு வாளி. 'கிக்' போதவில்லை என்று நண்பர்கள் சொன்னதால், டின்னில் போட்டிருக்கும் ஒரு கிலோ சர்க்கரைக்குப் பதில் இரண்டு கிலோ போடுகிறார்.

கோடையில் செய்தால் டிஞ்சர் வாடை அடிக்கிறது, மறுநாள் தலைவலி. குளிர்காலத்தில் செய்தால் பாதியில் நின்றுவிடுகிறது. பாட்டிலில் அடைத்து ஒரு மாதம் கழித்துத் திறந்தால் சிலது கூரை வரை பீய்ச்சியடிக்கிறது, சிலது நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ருசிக்கிறது. "என் பாத்திரங்கள் மட்டம் சார், அதுதான் காரணம்" என்று முடிவு செய்து, மின்சாரத்தில் ஓடும், பீர் காய்ச்சும் ஸ்டீல் சாதனம் ஒன்றைப் பழையதாக 220 பவுண்டுக்குப் பேசி வைத்திருக்கிறார். கையில் இருப்பதே 250 பவுண்டு. வாங்கலாமா என்பது முதல் கேள்வி. ஒரு நண்பர் பிறந்தநாள் விருந்துகளுக்கு பாட்டிலுக்கு இரண்டு பவுண்டு தருவதாகச் சொல்கிறார், விற்கலாமா என்பது இரண்டாவது. கள்ளக்குறிச்சி செய்தியைப் பார்த்ததிலிருந்து மனைவி, "கண்ணு போயிடும், இதெல்லாம் வேண்டாம்" என்கிறாராம், அதற்கு என்ன பதில் சொல்வது? கடைசியாக, இரண்டு வருடத்தில் ஊர் திரும்பும்போது எல்லாவற்றையும் திருப்பூருக்குக் கொண்டு போகலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் முதல் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்டீல் சாதனத்தை இப்போது வாங்காதீர்கள். அது மோசமான பொருள் என்பதால் இல்லை. உங்கள் வியாதி வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தச் சாதனம் செய்வது இரண்டு வேலை. உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்துச் சாறு எடுக்கும், பிறகு அந்தச் சாறை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைக்கும். நீங்கள் வாங்கும் டின்னில் இந்த இரண்டும் முடிந்தே வருகிறது. உங்கள் பீர் கெடுவது அதற்குப் பிறகு, வாளியில் ஈஸ்ட் போட்டதிலிருந்து பாட்டில் மூடி அழுத்தும் வரை. 220 பவுண்டு கொடுத்தாலும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் ஒரு மாற்றமும் வராது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். டிசம்பரில் மனைவி இட்லி மாவை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் பற்றவைக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு விடுவார், அப்போதுதான் பொங்கும் என்று. கிரைண்டரை மாற்றினால் மாவு பொங்காது, சூடு சரியாக இருந்தால்தான் பொங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் வாளிக்கும் அதே நியாயம்தான். ஒரே ஒரு வித்தியாசம்: மாவுக்குக் காற்றிலும் உளுந்திலும் இருக்கிற எந்தக் கிருமி வந்தாலும் சந்தோஷம். பீருக்கு நாம் போட்ட ஈஸ்ட்டைத் தவிர வேறு யாரும் வரக்கூடாது.

நோய் என்ன?

டிஞ்சர் வாடையை எடுத்துக்கொள்வோம். வாளியை பிளீச் ஊற்றிக் கழுவுவதாகவும், உட்புறத்தைப் பச்சை ஸ்கிரப்பரால் தேய்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தேய்த்த கீறல்களில் கிருமியும் தங்கும், பிளீச்சும் தங்கும். பிளீச்சிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கும் குளோரின், மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனால் பொருட்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும். இம்மியளவு போதும், மொத்த வாளியும் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும். கோடை வெக்கையில் காட்டு ஈஸ்ட் புகுந்தாலும் இதே மாதிரி வாடை வரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே தடுக்க வேண்டும்.

தலைவலிக்கு முதல் சந்தேகம் அந்த இரண்டாவது கிலோ சர்க்கரைதான். 23 லிட்டரில் ஒரு கிலோ சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீத ஆல்கஹாலை ஏற்றும். உங்கள் கணக்குப்படி பார்த்தால் நீங்கள் குடிப்பது நாலரை சதவீத பீர் இல்லை, ஆறரை ஏழு சதவீதம். அளக்கும் கருவியே இல்லாததால் உங்களுக்கு அது தெரியவில்லை. இதோடு கோடையில் கண்ணாடி அறையில் 28, 30 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். புளிக்கும்போது வாளி தானாகவே சூடாகும், உள்ளே அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஏல் என்ற வகை பீருக்கான சாதாரண ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரியில் நிம்மதியாக வேலை செய்யும். அந்தச் சூட்டில் அது அவசரப்பட்டு, தொண்டையை எரிக்கும் கனமான ஆல்கஹால்களை உண்டாக்கிவிடும்.

குளிர்காலத்துக் கதை இதற்கு நேர் எதிர். ராத்திரி ஹீட்டிங் அணைந்ததும் மாடிப்படிக்குக் கீழே 12, 13 டிகிரிக்கு இறங்குகிறது. ஈஸ்ட் சுருண்டு படுத்துவிடுகிறது. மூடியில் குமிழி வருவது நிற்கிறது. நீங்கள் "முடிந்துவிட்டது" என்று பாட்டிலில் அடைக்கிறீர்கள். அப்புறம் பாட்டில்கள் வெதுவெதுப்பான சமையலறைக்கு வந்ததும் ஈஸ்ட் எழுந்து மிச்சச் சர்க்கரையைச் சாப்பிடுகிறது. கூரை வரை பீய்ச்சியடிப்பது இதனால்தான். இதுவரை பீய்ச்சியதோடு நின்றது உங்கள் அதிர்ஷ்டம். ஆரம்ப காலத்தில் என் வீட்டு அலமாரியில் நள்ளிரவில் ஒரு பாட்டில் வெடித்தது. மறுநாள் எதிர்ச்சுவர் மரப்பலகையிலிருந்து கண்ணாடித் துண்டை இடுக்கியால் பிடுங்கினேன். சின்னப் பிள்ளைகள் ஓடும் வீட்டில் இந்த விஷயத்தில் சமரசமே கூடாது.

அட்டைப்பெட்டி ருசிக்குக் காரணம் காற்று. புளித்து முடிந்த பீரில் ஆக்சிஜன் கலந்தால் சில வாரங்களில் அந்த வாடை வரும். பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து, ஒரு வாரத்தில் இரண்டாவது வாளிக்கு மாற்றுகிறீர்கள், பிறகு ஜக்கில் மொண்டு புனல் வைத்து பாட்டிலில் ஊற்றுகிறீர்கள். இரண்டு தடவையும் பீர் காற்றில் குளித்துவிடுகிறது. வாளி மாற்றும் பழக்கத்தை இன்று வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இரண்டு வாரம் ஒரே வாளியில் கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது.

250 பவுண்டில் எதை வாங்குவது?

விலை கடைக்குக் கடை மாறும். நான் சொல்வது உத்தேசம். முக்கியமானதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

*ஹைட்ரோமீட்டர், 10 பவுண்டுக்குள்.* பால்காரரைச் சோதிக்க வைத்திருந்த பால்மானி நினைவிருக்கிறதா? அதன் அண்ணன் இது, சாறின் அடர்த்தியைக் காட்டும். ஈஸ்ட் போடும் முன் ஒரு அளவு, முடிந்ததும் ஒரு அளவு. 1.048-இல் ஆரம்பித்து 1.011-இல் முடிந்தால், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்குங்கள், 4.8 சதவீதம். பாட்டிலில் அடைக்கும் முன் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் அடையுங்கள். குமிழியை நம்பவே வேண்டாம். மூடி சரியாக உட்காராவிட்டாலும் குமிழி வராது, முடிந்த பிறகு அறை சூடானாலும் குமிழி வரும்.

*பழைய ஃப்ரிட்ஜ், 40 பவுண்டு. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, 35. சின்ன ட்யூப் ஹீட்டர் அல்லது வாளியைச் சுற்றும் ஹீட்டர் பட்டை, 20.* உங்கள் பீரைத் திருத்தப் போவது இந்த மூன்றும்தான். ஐஸ் பெட்டி இல்லாத ஃப்ரிட்ஜாகப் பாருங்கள். வாளியின் உயரத்தை அளந்து கொண்டு போங்கள், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். கருவியில் இரண்டு பிளக் துளை இருக்கும், ஒன்றில் ஃப்ரிட்ஜ், ஒன்றில் ஹீட்டர். அதன் உணரியைக் காற்றில் தொங்கவிடாமல், வாளியின் பக்கத்தில் வைத்து மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் போட்டு டேப் ஒட்டுங்கள். அப்போதுதான் அறைச் சூட்டை விட்டுவிட்டு பீரின் சூட்டைக் காட்டும். முதல் நாலைந்து நாள் 18 அல்லது 19 டிகிரி, அப்புறம் 21-க்கு ஏற்றி விடுங்கள். கம்ப்ரசர் அணைந்ததும் உடனே மறுபடி ஓடாதபடி சில நிமிட இடைவெளி வைக்கும் அமைப்பு கருவியில் இருக்கும், அதை மறக்காமல் போடுங்கள். ஹீட்டர் பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது.

*புது வாளி 12, கழுவும் பொருட்கள் 15.* பிளீச்சை நிறுத்துங்கள். அழுக்குப் போக சோடியம் பெர்கார்பனேட், தேய்க்க மெத்தென்ற துணி. அதன்பின் அலசத் தேவையில்லாத, பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த கிருமிநீக்கி. ஒன்று மட்டும் கவனம்: இந்த அமிலமும் வீட்டில் மிச்சமிருக்கும் பிளீச்சும் ஒரே வாளியில் சந்திக்கவே கூடாது, நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் பிள்ளைகள் கை எட்டாத, வேறு வேறு அலமாரியில் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினுக்கு கேம்டன் மாத்திரை என்று விற்கிறது. ஒரு வாளிக்கு அரை மாத்திரையைப் பொடித்துப் போட்டால் போதும்.

*பாட்டில் நிரப்பும் குழாய், 8 பவுண்டு.* வாளிக் குழாயில் மாட்டி பாட்டிலின் அடிவரை விட்டால், சத்தமில்லாமல் கீழிருந்து நிரம்பும். நுரைக்கான சர்க்கரை அரை லிட்டர் பாட்டிலுக்கு 3 கிராம். ஸ்பூன் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசு வீட்டில் இருக்குமே. பாட்டில் பழுப்பு நிறமாக இருக்கட்டும், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறும்.

எல்லாம் சேர்த்து 140 பவுண்டு. டின்னோடு வரும் ஈஸ்ட்டைத் தூக்கி வைத்துவிட்டு, நாலைந்து பவுண்டுக்கு 11 கிராம் நல்ல ஏல் ஈஸ்ட் வாங்குங்கள். மீதி 100 பவுண்டு பையிலேயே இருக்கட்டும்.

டின்னை விட்டு மால்ட்டுக்குப் போக ஆசையா?

அதற்கும் அந்த ஸ்டீல் சாதனம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் வீட்டு பீர்க்காரர்கள் பிரபலமாக்கிய பை முறை ஒன்று இருக்கிறது. மெல்லிய வலைத்துணிப் பையில் உடைத்த மால்ட்டைக் கட்டி, பாத்திரத்து வெந்நீரில் முக்கி வைத்து எடுப்பது. பை 10 பவுண்டு. உங்களிடம் 15 லிட்டர் பாத்திரம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு தடவைக்கு 10 லிட்டர் பீர் என்று அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2.2 கிலோ மால்ட்டை 10 லிட்டர் நீரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள், பையைத் தூக்கி ஒரு சல்லடை மேல் வைத்து 4 லிட்டர் வெந்நீரை மேலே ஊற்றி அலசுங்கள். பாத்திரத்தைப் போர்வையால் சுற்றிவிட்டால் சூடு இறங்காது. அதன்பின் ஹாப்ஸோடு ஒரு மணி நேரக் கொதி. பொங்கி வழியும், பக்கத்திலேயே நில்லுங்கள், பிள்ளைகளை அந்த நேரம் சமையலறைக்குள் விடாதீர்கள். பாலைவிட இது ஒட்டிக்கொள்ளும், சூடும் அதிகம். கொதித்தபின் சிங்க்கில் ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை இறக்கினால் போதும், 10 லிட்டருக்கு செம்புச் சுருள் குழாய் எல்லாம் வேண்டாம். பாகு டின்னுக்கும் இதற்கும் ருசியில் உள்ள வித்தியாசம், தூள் ரசத்துக்கும் வறுத்து அரைத்த ரசத்துக்கும் உள்ளது.

இந்த வழியில் நாலைந்து தடவை செய்துவிட்டு, அப்போதும் அந்தச் சாதனத்தின் மேல் ஆசை இருந்தால் வாங்குங்கள். முதுகு வலியைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. பழையதாக வாங்கினால் உங்கள் கண் முன்னால் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் ரீல்தான் வழி என்றால் சுற்றை முழுக்க அவிழ்த்து வையுங்கள், சுற்றியபடியே இரண்டு மணி நேரம் இரண்டு கிலோவாட் ஓடினால் உருகிவிடலாம்.

10 லிட்டர் குறைவு என்று தோன்றலாம். அங்கே மருத்துவர்கள் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 14 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்). உங்கள் 'கிக்' பீரில் ஒரு அரை லிட்டர் பாட்டிலே 3.3 யூனிட். மாதம் ஒரு முழு வாளி என்றால் 150 யூனிட்டுக்கு மேல், ஒரு ஆள் அந்த வரம்புக்குள் குடித்தால் பதினோரு வாரம் வரும். நண்பர்களும் குடிக்கிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் ஒரு மாதம் எத்தனை பாட்டில் உங்கள் கையால் காலியானது என்று எழுதி வைத்துப் பாருங்கள். எண் உங்களையே திடுக்கிட வைத்தால், ஒரு சாயங்காலம்கூட விட முடியவில்லை என்றால், உங்கள் குடும்ப டாக்டரிடம் பேசுங்கள். இரண்டாவது கிலோ சர்க்கரையை எப்படியும் இன்றோடு நிறுத்துங்கள்.

மனைவியின் பயம்

அவரைக் கேலி செய்யாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள், பலருக்குப் பார்வை போனது. அதைப் பார்த்தவர் பயப்படாமல் எப்படி இருப்பார்? ஆனால் அங்கே கொன்றது புளிப்பு இல்லை. தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் மெத்தனாலைச் சாராயத்தில் கலந்ததுதான். பார்லி மால்ட்டை ஈஸ்ட் புளிக்க வைக்கும்போது மெத்தனால் மிக மிக அற்பமாகவே உண்டாகும், பீரை அப்படியே குடிப்பதில் அந்த ஆபத்து இல்லை. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அதே மூச்சில், பாட்டில் வெடிக்கும் என்ற பயம் நியாயமானது என்றும், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். முதல் சில வாரம் பாட்டில்களை மூடியுள்ள கனமான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். காய்ச்சி வடிக்கும் பக்கம் மட்டும் போகாதீர்கள். உரிமம் இல்லாமல் வடிப்பது அங்கே குற்றம், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

விற்பதும் ஊருக்குக் கொண்டு போவதும்

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு பீர் செய்யவே உரிமம் வேண்டியிருந்தது. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங்தான் அதை எடுத்தார். அன்றிலிருந்து உங்கள் சொந்த உபயோகத்துக்குச் செய்ய யாரிடமும் கேட்க வேண்டாம். விருந்துக்கு வந்த நண்பருக்கு ஊற்றிக் கொடுக்கலாம். காசு கைமாறினால் கதை மாறிவிடும். வரித்துறையின் ஒப்புதல், பீருக்கான வரி, மது விற்பனைக்கான உரிமம் என்று வரிசையாக வரும். "விற்கவில்லை, செலவுக்குப் பகிர்ந்துகொண்டோம்" என்ற பேச்சு எடுபடும் என்று நம்பி இறங்காதீர்கள். நண்பரிடம், "காசு வேண்டாம், காலிப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவா" என்று சொல்லிவிடுங்கள்.

திருப்பூர் விஷயத்தில் நீங்கள் நினைத்திருப்பது தவறு. "பெங்களூரில் ஹோட்டலிலேயே பீர் செய்கிறார்களே, நம் வீட்டில் செய்தால் என்ன" என்று கேட்டிருக்கிறீர்கள். அவை உரிமம் வாங்கி, வரி கட்டி நடத்தும் கடைகள், அதுவும் வேறு மாநிலத்தில். தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடை தெருவுக்குத் தெரு இருந்தாலும், 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கடை என்பது அந்தச் சட்டத்துக்குள் அரசு தனக்குத் தானே விட்டுக்கொண்ட வழி. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 'சொந்த உபயோகத்துக்கு', 'வெறும் பீர்தானே' என்ற சமாதானம் அங்கே செல்லாது. தயாரிப்பதற்காகப் பாத்திரமும் பொருளும் வைத்திருப்பதே வழக்காகலாம். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். நான் வழக்கறிஞன் இல்லை, கிளம்பும் முன் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் கப்பலில் ஏற்றுவதற்காக என்று நினைத்து இப்போது ஒரு பவுண்டுகூடச் செலவழிக்காதீர்கள். 220 பவுண்டு ஸ்டீலை வாங்கி இரண்டு வருடத்தில் பாதி விலைக்கு விற்பதைவிட, 40 பவுண்டு ஃப்ரிட்ஜை அடுத்தவருக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போவது மேல்.

ஃப்ரிட்ஜும் வாளியும் ஈஸ்ட்டும் வந்ததும் முதல் தடவை வழக்கமான டின்னையே செய்யுங்கள், ஒரு கிலோ சர்க்கரையோடு. டின்னை மாற்றாமல் சூட்டையும் சுத்தத்தையும் சரி செய்தால் எவ்வளவு திருந்தியது என்று உங்களுக்கே தெரியும். ஆரம்ப அளவு, முடிவு அளவு, நடுவில் ஃப்ரிட்ஜ் காட்டிய டிகிரி மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.